இடுப்பில் துப்பாக்கி, பின்னால் போலீஸ் விளக்கு: டெக்சாஸில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம்

டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர் இருக்கிறார்கள். கேஸ் ஸ்டேஷன் நடத்துபவர்கள், மோட்டல் பார்த்துக்கொள்பவர்கள், ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு அன்றைய வசூலோடு தனியாகக் கார் வரை நடக்க வேண்டியவர்கள். நானும் அதில் ஒருவன், டாலஸ் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் எந்தத் துப்பாக்கி நல்லது, சுட்டுப் பழகும் எந்த ரேஞ்சில் கூட்டம் குறைவு என்று மணிக்கணக்காகப் பேசுவோம். ஆனால் கார் ஓட்டும்போது போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. துப்பாக்கியை எடுக்க வேண்டிய நிலை வாழ்நாள் முழுக்க ஒருவருக்கு வராமலே போகலாம், வரவே கூடாது. போலீஸ் நிறுத்துவது அப்படியில்லை. லேன் மாறும்போது சிக்னல் போடாததற்கு, பின் விளக்கு ஒன்று எரியாததற்கு, ஸ்பீடுக்கு என்று என்றைக்காவது ஒருநாள் நிறுத்தத்தான் போகிறார்கள்.

உரிமத்துக்கான வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரம். அப்புறம் ரேஞ்சில் 3, 7, 15 கெஜ தூரத்தில் மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும், 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. போலீஸ் நிறுத்தும்போது எப்படி நடந்துகொள்வது என்பதற்கு என் வகுப்பில் கிடைத்தது சில நிமிடங்கள்தான். "ரெண்டு கார்டையும் காட்டுங்க, மரியாதையா பேசுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். அது தப்பான அறிவுரை இல்லை, ஆனால் போதாது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் பெரும்பாலான பெரியவர்களுக்குத் துப்பாக்கியை உடன் வைத்திருக்க உரிமமே தேவையில்லை. ஆனாலும் உரிமம் எடுத்தவர் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் அடையாள அட்டை கேட்டால், டிரைவிங் லைசென்ஸையும் துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. காட்டாவிட்டால் இருந்த தண்டனையை 2009லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் காட்டாமல் இருந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். உங்கள் டிரைவிங் லைசென்ஸ் எண்ணைக் கணினியில் போட்டதுமே துப்பாக்கி உரிமம் இருப்பது அங்கே தெரிந்துவிடும். நீங்கள் வாயே திறக்கவில்லை, அவர் தன் காரில் உட்கார்ந்து திரையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார் என்றால், திரும்பி வருபவர் முதலில் வந்த அதே ஆளாக இருக்கமாட்டார்.

எனக்கு முதல் தடவை நெடுஞ்சாலை ரோந்து ட்ரூப்பர் ஒருவர் ஸ்பீடுக்காக நிறுத்தினார். இருட்டிவிட்டது. உள்விளக்கைப் போட்டேன், எஞ்சினை அணைத்தேன், நாலு கண்ணாடியையும் இறக்கினேன், இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் விரல் விரித்து வைத்தேன். அவர் வணக்கம் சொல்லி லைசென்ஸ் கேட்டார். "சார், என்கிட்ட கைத்துப்பாக்கி உரிமம் இருக்கு, இப்போ உடன் வைத்திருக்கிறேன், வலது இடுப்பில். லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கு. நான் என்ன செய்யணும் சொல்லுங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இடது கையால் மெதுவா லைசென்ஸை எடுங்க" என்றார். எடுத்தேன். எச்சரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, ரோட்டில் மறுபடி ஏறும்போது பார்த்து ஏறச் சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், இது முடியாத காரியம் இல்லை என்பதற்குத்தான். எதிரில் இருப்பவரிடம் ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்தும் நிதானமாக, தெளிவாக ஒரே ஒரு கட்டளை கொடுத்து வேலையை முடிக்கத் தெரிந்த அதிகாரிகள் தினமும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இங்கே பர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற இடம் அது. வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் ஹோல்ஸ்டரை (துப்பாக்கி உறையை) வலது இடுப்பில், கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டுவோம். பர்ஸும் வலது பின் பாக்கெட்டில்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அரை சாண் தூரம்கூட இல்லை. சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது பர்ஸை எடுக்க வேண்டும் என்றால் உடம்பை முன்னால் வளைத்து, முழங்கையைப் பின்னால் இழுத்து, சட்டையை ஒதுக்கிக் கையை உள்ளே விட வேண்டும். துப்பாக்கியை உருவும்போதும் அச்சு அசலாக அதே அசைவுதான். வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருநாள் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் வெறும் ஹோல்ஸ்டரை மாட்டிக்கொண்டு காரில் உட்காருங்கள், மனைவியை ஜன்னல் பக்கம் நிற்கவைத்துப் பர்ஸை எடுத்துக் காட்டுங்கள். அவர் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். அன்றிலிருந்து பர்ஸ் பின் பாக்கெட்டுக்குப் போகாது.

2016 ஜூலை 6, மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ கஸ்டீல் செத்தது இப்படிப்பட்ட ஒரு கை அசைவின்போதுதான். வயது 32, செயின்ட் பாலில் ஒரு பள்ளியின் உணவகத்தில் மேற்பார்வையாளர். துப்பாக்கி உரிமம் இருந்தது. பிரேக் விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். நிறுத்திய அதிகாரி ஹெரோனிமோ யானெஸுக்கு, ஒரு கொள்ளையில் தேடப்பட்டவரின் சாயல் இருக்கிறதோ என்ற சந்தேகமும் இருந்தது. கஸ்டீல் இன்சூரன்ஸ் கார்டைக் கொடுத்தார். பிறகு, சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்று அமைதியாகச் சொன்னார். அதை எடுக்காதே என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்றார் கஸ்டீல். பக்கத்தில் இருந்த பெண்ணும் அவர் எடுக்கவில்லை என்றார். சில நொடிகளில் ஏழு குண்டுகள் சுடப்பட்டன. பின் சீட்டில் நாலு வயதுக் குழந்தை. அடுத்த வருடம் ஜூனில் நடுவர் குழு அந்த அதிகாரியை விடுவித்தது. போலீஸ் கார் கேமரா பதிவு அதற்குப் பிறகுதான் பொதுமக்களுக்கு வெளியானது.

அந்தப் பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கஸ்டீலின் குரலில் ஒரு துளி மிரட்டல் இல்லை. மினசோட்டா சட்டப்படி, கேட்டால் மட்டும் சொன்னால் போதும். அவர் கேட்காமலே சொன்னார். உரிமம் எடுப்பவர்களுக்குச் சொல்லித்தரும் நல்ல பழக்கத்தை அவர் செய்தார், அதனால் செத்தார். துப்பாக்கி உரிமைக்காக ஓயாமல் பேசும் என்.ஆர்.ஏ. அப்போது அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் பொதுவாக ஒரு அறிக்கை விட்டது. கறுப்பினத்தவர் ஒருவர் உரிமத்தோடு வைத்திருந்தால் அதே உரிமைக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறதா என்று அன்றைக்கு நிறையப் பேர் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி தீரவில்லை. நம் தோல் நிறமும் நம் ஆங்கில உச்சரிப்பும் ராத்திரி ரோட்டோரத்தில் நமக்குச் சாதகமாக வேலை செய்யும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எனவே நான் செய்வது இதுதான். டிரைவிங் லைசென்ஸ், துப்பாக்கி உரிமம் இரண்டும் வண்டி எடுக்கும் முன்பே சட்டைப் பையில் இருக்கும், அல்லது டாஷ்போர்டு மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இன்சூரன்ஸ் கார்டு சன் வைசரில். போனிலும் காட்டலாம், டெக்சாஸில் அது செல்லும், ஆனால் போனை எடுக்கவும் கை கீழே போகும் என்பதால் எனக்குக் காகிதம்தான் வசதி. கிளவ் பாக்ஸில் துப்பாக்கி சம்பந்தமான எதுவும் கிடையாது. பேசும்போது உரிமம் என்ற சொல் முதலில் வர வேண்டும், துப்பாக்கி அதற்குப் பிறகு. "ஐ ஹாவ் எ கன்" என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு நீங்கள் பேசுவது எதுவும் அவர் காதில் ஏறாது. எங்கே இருக்கிறது என்பதைக் கையால் சுட்டிக்காட்டவே கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். முக்கியமாக, அவர் ஒரு கட்டளை கொடுத்து, கொஞ்ச நேரத்தில் அதற்கு எதிரான இன்னொன்றைக் கொடுத்தால் (பதற்றத்தில் அடிக்கடி நடக்கும், லைசென்ஸை எடு என்பார்கள், உடனே அசையாதே என்பார்கள்) எதையும் செய்யாமல் அப்படியே நின்று, "சார், கை அசைக்காமல் இருக்கிறேன், எதை முதலில் செய்ய?" என்று கேளுங்கள்.

இத்தனையையும் செய்த பிறகும் கெட்டதாகவே போன ஒரு அனுபவம் எனக்கு உண்டு.

ஹூஸ்டன் பக்கம் பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சின்ன ஊர், அதன் பெயரோ அந்தத் துறையின் பெயரோ வேண்டாம். லேன் மாறியது சரியில்லை என்று நிறுத்தினார் ஓர் இளம் அதிகாரி. விளக்கு, கண்ணாடி, கை எல்லாம் மேலே சொன்னபடிதான். நான் உரிமம் இருக்கிறது, துப்பாக்கி உடன் இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டடி பின்னால் போய்த் தன் துப்பாக்கியை உருவிவிட்டார். கத்தினார். கதவை வெளியிலிருந்து திறந்து என்னை இறங்கச் சொல்லி, காரில் சாய்த்து, கையில் விலங்கு மாட்டினார். என் ஹோல்ஸ்டரிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். எடுத்த வேகத்தில் குழல் என் இடுப்பைத் தாண்டி, பின் கண்ணாடி வழியாக என் பையன் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியது. அவர் விரல் விசை வளையத்துக்கு உள்ளே இருந்ததை நான் பார்த்தேன். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டு, மேல்பகுதியான ஸ்லைடை இழுத்தபோது, சுடத் தயாராகக் குழலின் சேம்பரில் இருந்த தோட்டா தெறித்துப் புல்லில் விழுந்தது, அதைத் தேடி டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பழகாத ஒருவரின் துப்பாக்கியை, பழகாத ஹோல்ஸ்டரிலிருந்து, பதறிய கையால், குழந்தை இருக்கும் காருக்குப் பக்கத்தில் எடுப்பதைவிட ஆபத்தான காரியம் அன்றைக்கு அந்த ரோட்டில் வேறு எதுவும் இல்லை.

"என்னங்க, நான் யாருக்காவது போன் பண்ணட்டுமா?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டார். "வேண்டாம்மா, கையை மடியிலேயே வை, பையனையும் அசையாம இருக்கச் சொல்லு" என்றேன். அவர் கையில் போன் தானாக முளைத்த மாதிரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியது இதுதான். வீடியோ எடுப்பதாக இருந்தால் விளக்கு தெரிந்தவுடனேயே போனை டாஷ்போர்டு ஸ்டாண்டில் ஓடவிட்டுவிட வேண்டும், நடுவில் எடுக்கக் கூடாது. போலீஸைப் படம் பிடிக்கும் உரிமை நமக்கு உண்டு. டெக்சாஸை உள்ளடக்கிய ஐந்தாவது சர்க்யூட் நீதிமன்றம் (சில மாநிலங்களுக்குச் சேர்த்து ஒன்றாக இருக்கும் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) 2017இல், ஃபோர்ட் வொர்த்தில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உரிமை இருக்கிறது, ஆனால் கை எப்போது அசைகிறது என்பது வேறு விஷயம்.

துப்பாக்கியின் எண்ணை ரேடியோவில் சொல்லித் திருடியதா என்று சரிபார்த்தார். பிறகு விலங்கைக் கழற்றினார். துப்பாக்கியை டிக்கியில் வைத்தார், மேகசினைத் தனியாக என் மனைவி கையில் கொடுத்தார், தான் அங்கிருந்து போகும் வரை அதை மாட்டக் கூடாது என்றார். எச்சரிக்கைச் சீட்டு ஒன்று கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. பையன் வீடு வரும் வரை பேசவில்லை.

இதில் அவர் செய்ததில் எது சட்டப்படி சரி, எது சரியில்லை என்று பிறகு உட்கார்ந்து படித்தேன், ஒரு வக்கீலிடமும் கேட்டேன். காரிலிருந்து இறங்கச் சொல்வதற்கு அதிகாரிக்கு உரிமை உண்டு, 1977லேயே உச்ச நீதிமன்றம் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது, அதனால் இறங்கச் சொன்னால் ரோட்டில் நின்று வாதாடாதீர்கள். தன் பாதுகாப்புக்கோ மற்றவர்கள் பாதுகாப்புக்கோ அவசியம் என்று நியாயமாக நம்பினால் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கவும் டெக்சாஸ் சட்டம் அனுமதிக்கிறது. ஆபத்தில்லை, குற்றம் எதுவும் இல்லை என்று தெரிந்தால் நம்மை அனுப்பும் முன் திருப்பித் தர வேண்டும். ஆனால் விலங்கு மாட்டுவதும் துப்பாக்கியை முகத்துக்கு நேரே நீட்டுவதும் வேறு கதை.

இதே மாதிரி கனெக்டிகட் மாநிலம் வாட்டர்பரியில் 2018இல் நடந்தது. காரை ஓரமாக நிறுத்தியிருந்த ஒருவர், லைசென்ஸோடு துப்பாக்கி உரிமத்தையும் கொடுத்து, துப்பாக்கி கதவுப் பையில் இருக்கிறது என்றும் சொன்னார். அதிகாரி அவரை வெளியே இழுத்து விலங்கு மாட்டிப் போலீஸ் காரின் பின்னால் அடைத்துவிட்டு, கார் உள்ளேயும் டிக்கியிலும் சோதனை போட்டார். அவர் வழக்குப் போட்டார். 2024 ஆகஸ்டில் இரண்டாவது சர்க்யூட் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு வழக்கிலிருந்து தப்பும் பாதுகாப்பைத் தர மறுத்தது. செல்லுபடியாகும் உரிமத்தைக் கையில் கொடுத்தவரைத் துப்பாக்கி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கைதி மாதிரி நடத்த முடியாது என்பதுதான் அதன் சாரம். மறுபக்கம், 2017இல் நாலாவது சர்க்யூட் வேறு மாதிரி சொன்னது. முறைப்படி நிறுத்தப்பட்டவரிடம் ஆயுதம் இருந்தால், அது சட்டப்படி வைத்திருப்பதாகவே இருந்தாலும், உடம்பைத் தடவிச் சோதிக்க அது போதும் என்றது. வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் இருப்பவர்கள் இந்த நீதிமன்றத்தின் கீழ்தான் வருகிறார்கள். ஒரே நாடு, ஒரே அரசியல் சாசனம், ஊருக்கு ஊர் வேறு பதில். இந்தக் குழப்பத்தின் பாரத்தை ரோட்டோரத்தில் நிற்கும் குடிமகன் தலையில் மட்டும் இறக்கிவைப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். எங்களுக்கு வகுப்பு உண்டு, தேர்வு உண்டு, கைரேகை உண்டு. உரிமம் உள்ளவரைக் கண்டால் எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்கும் பயிற்சி கொடுங்கள் என்று கேட்பது அதிகப்படி இல்லை.

மாநில எல்லை தாண்டும்போது இன்னும் கவனம் வேண்டும். மிச்சிகனில் போலீஸ் நிறுத்தியவுடனேயே, கேட்காமலே சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் முதல் தடவையே 500 டாலர் அபராதம். ஒஹாயோவிலும் முன்பு அப்படித்தான், 2022 ஜூனிலிருந்து கேட்டால் சொன்னால் போதும். அங்கே கேன்டன் நகரில் 2011இல் ஒரு டிரைவர் சொல்வதற்கு வாய் திறந்தபோதெல்லாம் அடக்கிவிட்டு, பிறகு ஏன் சொல்லவில்லை என்று சுட்டுவிடுவதாக மிரட்டிய அதிகாரியின் வீடியோ நாடு முழுக்கப் பரவியது. நியூஜெர்சிக்கு உறவினரைப் பார்க்கப் போகும் டெக்சாஸ்காரர்கள் தயவுசெய்து துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நம் மாநில உரிமம் அங்கே செல்லாது. பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு தாய் 2013இல் அங்கே நிறுத்தப்பட்டபோது நேர்மையாகத் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைது செய்தார்கள், கட்டாயச் சிறைத்தண்டனை வரை போகும் நிலை. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் விடிவு வந்தது.

நம் ஆட்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. எச்-1பி, எச்-4, எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூடாது. அது ஃபெடரல் சட்டம், 15 வருடம் வரை சிறை, நாடு கடத்தலும் சேரும். கிரீன் கார்டு இருந்தால் பரவாயில்லை. சிட்டிசனான அண்ணன் காரின் கன்சோலில் துப்பாக்கியை மறந்து வைக்கிறார், எச்-1பியில் இருக்கும் தம்பி பால் வாங்க அந்தக் காரை எடுத்துப்போகிறார், போலீஸ் நிறுத்துகிறது. இதை யோசித்துப் பாருங்கள். என் வீட்டில் காரைவிட்டு இறங்கும்போது துப்பாக்கியும் கூடவே இறங்கும், அதற்கு விதிவிலக்கே கிடையாது.

கடைசியாகப் புகார். ரோட்டில் வாதாடி ஜெயிக்க முடியாது, பிறகு காகிதத்தில்தான் பேச முடியும். வீட்டுக்கு வந்த அன்றிரவே நானும் மனைவியும் நடந்ததைத் தனித்தனியாக எழுதினோம், அவருக்கு நினைவிருந்த சில விஷயங்கள் எனக்கு இல்லை. டெக்சாஸில் புகார் எழுத்தில் இருக்க வேண்டும், புகார் கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், வாய்மொழியாகச் சொன்னால் அதை வைத்து நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். நான் கொடுத்ததற்கு, அதிகாரி விதிகளுக்கு உட்பட்டே நடந்தார் என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஆனால் வீடியோவும் கேட்டிருந்தேன், அது கிடைத்தது. அதில் குழல் பின் சீட்டுப் பக்கம் திரும்புவது தெளிவாகத் தெரிந்தது. அந்த நொடியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை துறையில் பயிற்சிக்குப் பொறுப்பானவரே போனில் அழைத்து, அரை மணி நேரம் பேசி, அந்த அதிகாரியை ஆயுதக் கையாளுதல் பயிற்சிக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். விலங்கு மாட்டியதைப் பற்றி அவர் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை, அதற்காக நகர மன்றக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

உடல் கேமரா வீடியோ கேட்கும்போது தேதி, தோராயமான நேரம், சரியான இடம், அதில் இருக்கும் ஒருவரின் பெயர் ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டப்படி அதைக் குறைந்தபட்சம் 90 நாள் வைத்திருந்தால் போதும் என்பதால், கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.